பெரிய ஃபேன் போட்டும் கம்ப்யூட்டர் பிராசஸர் சூடு குறையவில்லையே, ஏன்?

பிராசஸரின் மேல் மெல்லிய அலுமினியத் தகடுகள் வரிசையாக இருக்குமே, அதுதான் ஹீட்சிங்க். அது சூட்டை வாங்கிக்கொள்ளும். ஃபேன் காற்று அதை வெளியே கொண்டுபோகும். ஆனால் தகடுகளுக்கு நடுவே ஓரிரு மில்லிமீட்டர் சந்துதான். கொசுவலைக்குள் படுத்தால் ஃபேன் காற்று சரியாக வராதே, அதே கதை. அதனால் நிறையக் காற்று வீசும் ஃபேனைவிட, அழுத்தித் தள்ளும் ஃபேன்தான் இங்கே தேவை. அதன் இறக்கைகள் பெரும்பாலும் அகலமாக, நெருக்கமாக இருக்கும்.

வாங்குவதற்கு முன் டார்ச் அடித்துச் சந்துகளைப் பாருங்கள். தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தால் எந்த ஃபேனும் உதவாது. பிரஷ்ஷால் தட்டிவிட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

அப்புறம், நல்ல ஃபேன் ஏசி போலக் குளிரவைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அறை 35 டிகிரி என்றால், ஃபேனால் பிராசஸரை அதற்குக் கீழே இறக்க முடியாது.