கொத்தனார் சங்கமும் குருமாரும்: கேள்வி பதில்

குன்னூரிலிருந்து ஒருவர்: சார், இங்கே பழைய கல்லறை ஒன்றில் சிலுவைக்குக் கீழே மூலைமட்டமும் கவராயமும் செதுக்கியிருக்கிறது. உள்ளே இருப்பவர் கொத்தனாரா?

இல்லை, அது ஃப்ரீமேசன் என்ற சகோதரச் சங்கத்தின் சின்னம்; அதில் சேர்ந்தவரைச் சுருக்கமாக மேசன் என்பார்கள். பெயரில்தான் கொத்து வேலை; வெள்ளைக்காரன் காலத்தில் சேர்ந்தவர்கள் ராணுவ அதிகாரிகள், தோட்டத் துரைமார், சில பாதிரிமார்கூட. இங்கிலாந்தின் ஆங்கிலிகன் சபை அப்போது இதைத் தப்பாகப் பார்க்கவில்லை. 1723இல் வந்த மேசன் விதிப்புத்தகத்தை எழுதிய ஜேம்ஸ் ஆண்டர்சனே பிரஸ்பிட்டேரியன் என்ற இன்னொரு புராட்டஸ்டன்ட் சபையின் போதகர்தான். 1953இல் எலிசபெத் ராணிக்கு முடிசூட்டிய கேன்டர்பரி பேராயர் ஜெஃப்ரி ஃபிஷரும் மேசன். பிற்பாடு ஆங்கிலிகன் சபைக்குள்ளேயே சந்தேகம் கிளம்பியது வேறு கதை.

கோத்தகிரி: ஐயா, நான் கத்தோலிக்கன். 1983 திருச்சபைச் சட்டத்தில் மேசன் என்ற பேரே இல்லை, தாராளமாகச் சேரலாம் என்கிறார் நண்பர்.

நண்பர் பாதியோடு படிப்பதை நிறுத்திவிட்டார். 1738இல் போப் 12ஆம் கிளமென்ட் போட்ட தடை இது. 1917 சட்டம் சேர்ந்தவரைச் சபைக்கு வெளியே தள்ளியது. புதிய சட்டத்தில் பெயர் இல்லை, உண்மை. ஆனால் அது அமலுக்கு வந்தது 1983 நவம்பர் 27. அதற்கு முந்தின நாளே கர்தினால் ராட்சிங்கர் (பிற்பாடு போப் 16ஆம் பெனடிக்ட்) கையெழுத்தில் ஓர் அறிவிப்பு வந்தது: தடை அப்படியே நிற்கிறது, சேர்ந்தவர் நற்கருணை வாங்கக் கூடாது, உள்ளூர் ஆயர் இதைத் தளர்த்தவும் முடியாது. 2023இல் பிலிப்பைன்ஸ் ஆயர் ஒருவர் கேட்டபோதும் இதே பதில்தான். மேசன்கள் ஒருவரை ஒருவர் அடையாளம் காணும் ரகசியக் கைகுலுக்கலை வைத்துத்தான் ரோமுக்குக் கோபம் என்று பலர் நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய உறுத்தல் கொள்கையில். பரம்பொருள் ஒன்றை நம்பினால் போதும், எந்த மதமானாலும் வரலாம் என்பது மேசன் விதி. பைபிள், கீதை, குரான் எதுவும் அங்கே வேதம்தான். எனக்கு இதில் குறையாக ஒன்றும் படவில்லை. ஆனால் நீங்கள் கேட்டது உங்கள் சபை என்ன சொல்கிறது என்று.

ஊட்டி: அப்போ நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ்?

அது கத்தோலிக்கரின் சொந்தச் சங்கம். குடும்பத் தலைவன் செத்தால் விதவையும் பிள்ளைகளும் தெருவில் நிற்கக் கூடாதென்று 1882இல் அமெரிக்காவில் மைக்கேல் மெக்கிவ்னி என்ற குருவானவர் தொடங்கினார். 2020இல் அவருக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தின படியான அருளாளர் பட்டமே கிடைத்தது.

கூடலூர்: விவேகானந்தர் மேசனாமே அண்ணா?

ஆமாம் தம்பி. 1884இல் கல்கத்தாவில் சேர்ந்தார், அப்போது அவர் துறவியாகவில்லை, நரேந்திரநாத்தான். இந்துக்களில் தடை போட ஒரு போப் இல்லையே.

மறுபடி ஊட்டி: மேசானிக் லாட்ஜில் மே மாதம் ரூம் கிடைக்குமா?

கிடைக்காது. அவர்கள் தங்கள் கிளையைத்தான் லாட்ஜ் என்கிறார்கள். சீசனுக்கு வேறு இடம் பாருங்கள்.