மகள் பொதுக் கொள்கை படிக்கலாமா?

உங்கள் மகள் பொதுக் கொள்கை படித்து மாநகராட்சியில் பகுப்பாய்வாளராக விரும்புகிறாள். "இது அரசியலா, குமாஸ்தா வேலையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் இல்லை. முடிவெடுப்பவர்கள் மேயரும் மாமன்ற உறுப்பினர்களும். எத்தனை வழிகள் இருக்கின்றன, எதற்கு என்ன செலவாகும், யாருக்கு நன்மை, யார் தலையில் சுமை விழும் என்று ஆராய்ந்து அவர்களுக்கு எழுதிக் கொடுப்பதுதான் அவள் வேலை.

குப்பை லாரிகளையே பாருங்கள். புகார் அதிகம் வரும் வட்டாரத்துக்குக் கூடுதல் லாரி அனுப்பலாம் என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் புகார் கொடுக்க நேரம் வேண்டும், கேட்பார்கள் என்ற நம்பிக்கையும் வேண்டும். சொல்லிச் சொல்லிச் சலித்துப்போன ஏழை வட்டாரத்திலிருந்து புகாரே வராமல் போகலாம். நல்ல பகுப்பாய்வாளர் லாரிகள் போய்வந்த நேரத்தையும் அள்ளிய குப்பையின் எடையையும் பார்ப்பார். தெருவில் இறங்கி நடந்தும் பார்ப்பார். இந்தப் பொறுமை உங்கள் மகளிடம் இருக்கிறதா என்றுதான் நான் முதலில் கவனிப்பேன். மதிப்பெண் அப்புறம்தான்.

இந்த வேலையால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்வீடனின் தலைநகரான ஸ்டாக்ஹோம் நல்ல சான்று. 2006 ஜனவரி முதல் ஜூலை வரை, நகர மையத்துக்குள் வந்துபோகும் வாகனங்களிடம் சோதனை முறையில் நெரிசல் கட்டணம் வசூலித்தார்கள். தொடங்கும் முன்பு எதிர்ப்பே அதிகம். தொடங்கிய பிறகு, கட்டணப் பகுதியின் எல்லையைக் கடக்கும் வாகனங்கள் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்தன. செப்டம்பரில் நடந்த வாக்கெடுப்பில் வாக்களித்த நகர மக்களில் பெரும்பான்மையினர் ஆதரித்தார்கள். 2007 ஆகஸ்டில் கட்டணம் நிரந்தரமானது. முன்னும் பின்னும் அளந்து வைத்திருந்ததால்தான் மக்கள் முன் கணக்கை வைக்க முடிந்தது.

படிப்புக்கு வருகிறேன். பொருளியலும் புள்ளியியலும் அடித்தளம்; முதுகலையில் பொதுக் கொள்கையோ நகரத் திட்டமிடலோ எடுக்கலாம். எழுத்துப் பயிற்சியைத்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். தடித்த அறிக்கையின் சாரத்தை, நேரமில்லாத மேயருக்காக இரண்டு பக்கத்தில் தெளிவாக எழுதத் தெரிய வேண்டும். வேலை தேடும்போது, பதவியின் பெயர் நிதி ஆய்வாளர், திட்ட அலுவலர், தரவு ஆய்வாளர் என்று வேறாக இருக்கலாம். பெயரை விட்டுவிட்டுப் பணி விவரத்தைப் படிக்கச் சொல்லுங்கள்.

ஒன்றை மறைக்க மாட்டேன். மாதக்கணக்கில் உழைத்து எழுதிய பரிந்துரை ஒரே கூட்டத்தில் தள்ளுபடியாகும். அதைத் தாங்க முடியாதவர்களுக்கு இந்தத் துறையை நான் சொல்வதில்லை.

சேர்க்கைக்கு முன் ஒன்று செய்யுங்கள். உங்கள் நகரத்தின் வரவு செலவுத் திட்டத்திலிருந்து ஒரு செலவினத்தை அவளே தேர்ந்தெடுக்கட்டும். அதே பணத்தை வேறு இரண்டு விதமாகச் செலவிட்டால் யாருக்கு என்ன கிடைக்கும் என்று ஒரு பக்கம் எழுதட்டும். அந்தப் பக்கத்தோடு இருவரும் வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்.