தேர் வீதியில் நின்ற அம்பாசடர்

(வாகனக் கேள்வி பதில் பகுதி. பதில் எழுதுபவர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மயிலாடுதுறையில் வசிக்கிறார்.)

கேள்வி: அம்மா, வணக்கம். எங்கள் அப்பா 1995இல் சம்பா அறுவடைப் பணத்தில் ஒரு டீசல் அம்பாசடர் வாங்கினார். டி.என். 49 நம்பர். மன்னார்குடியில் தேர் ஓடும் வீதியில் எங்கள் வீடு. கொட்டகை கிடையாது, வண்டி எப்போதும் வாசலில்தான் நிற்கும். 2018 கஜா புயலில் வேப்பங்கிளை முறிந்து விழுந்து முன் கண்ணாடி போய்விட்டது. அதற்குப் பிறகு வண்டி ஓடவில்லை. ஆர்.சி. (பதிவுச் சான்று) 2020இல் முடிந்தது. அப்பா 2021இல் தவறிவிட்டார். நான் திருப்பூரில் வேலை பார்க்கிறேன், அம்மா மட்டும் ஊரில் இருக்கிறார். பங்குனித் திருவிழாவுக்கு முன்னால் ரெக்கவரி வண்டி வந்து காரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டதாம். எதிலும் கையெழுத்து வாங்கவில்லை என்கிறார் அம்மா. மூன்று வாரம் ஆகிறது. மீட்க முடியுமா? "பதினஞ்சு வருஷம் தாண்டின வண்டி செத்த வண்டி, விட்டுடு" என்கிறார்கள். எனக்கும் தங்கைக்கும் மனசு வரவில்லை. எங்கள் தெருவில் எத்தனையோ பிரசவத்துக்கு ராத்திரியில் தஞ்சாவூர் மெடிக்கலுக்கு ஓடிய வண்டி அது.
(வாசகர், மன்னார்குடி)

பதில்: தம்பி, வண்டியை எடுத்தது யார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். போலீஸா, நகராட்சியா? திருவிழாச் சமயத்தில் இரண்டு பேரும் சேர்ந்துதான் தெருவை ஒதுக்குவார்கள். ஆனால் வண்டி யாராவது ஒருவர் கணக்கில்தான் இருக்கும். இதற்காக அம்மாவை அலைய விடாதீர்கள். இரண்டு நாள் லீவு போட்டு நீங்களே வாருங்கள். வண்டி நம்பர், நின்ற இடம், எடுத்த நாள் மூன்றையும் எழுதி மனுவை இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். வாயால் கேட்டால் "அடுத்த வாரம் வாங்க" என்று சொல்லிவிடலாம். முத்திரை விழுந்த மனுவுக்கு அப்படிச் சொல்வது கஷ்டம். அதற்கும் அசையவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள். இல்லாவிட்டால் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, வண்டி இப்போது எங்கே இருக்கிறது, எந்தச் சட்டப் பிரிவில் எடுத்தார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

எடுத்தது நியாயமா என்றால், சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 127ஆம் பிரிவுப்படி, பொது இடத்தில் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ கேட்பாரற்று நிற்கும் வண்டியை இழுத்துப் போகச் சொல்ல, சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. இழுத்த கூலியும் வண்டிக்காரர்தான் கட்ட வேண்டும். உங்கள் வண்டி நின்றது வருஷக் கணக்கில். அதுவும் தேர் வீதியில். ராஜகோபால சுவாமிக்குப் பதினெட்டு நாள் பங்குனித் திருவிழா நடக்கும் ஊர்க்காரர் நீங்கள், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தேர் முனை திரும்பும்போது முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் ஒதுங்குவதற்கு இடம் வேண்டும். அந்த இடத்தில் ஒரு அம்பாசடர் நிற்கக் கூடாது. கண்ணாடி இல்லாத வண்டிக்குள் ஐப்பசி மழைத் தண்ணீர் தேங்கினால் டெங்குக் கொசு முட்டையிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எடுத்தவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வயசான அம்மாவிடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருக்கலாம், அந்த வருத்தம் மட்டும் உண்டு.

"பதினைந்து வருஷம் ஆனால் செத்த வண்டி" என்பது தமிழ்நாட்டில் தனியார் காருக்குப் பொருந்தாது. இந்தப் பேச்சு இரண்டு இடத்திலிருந்து வந்தது. டெல்லியிலும் அதைச் சுற்றிய பகுதியிலும் பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டிக்கும் பதினைந்து வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டிக்கும் தடை என்று கோர்ட் உத்தரவு வந்தது. அப்புறம், பதினைந்து வருஷம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரலிலிருந்து ரத்தாகிறது. நம் வீட்டுக் கார் இரண்டிலும் சேராது. முதல் பதினைந்து வருஷம் முடிந்ததும் வண்டியைக் காட்டி ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். உங்கள் ஆர்.சி. 2020 வரை இருந்தது என்கிறீர்கள். அப்படியானால் 2010இலும் 2015இலும் அப்பா ஒழுங்காகப் போய்ப் புதுப்பித்திருக்கிறார் என்று அர்த்தம்.

சரி, முடிச்சு எங்கே என்றால், வண்டி இன்னும் அப்பா பெயரில் இருக்கிறது. மீட்கப் போனாலும், உடைக்கக் கொடுத்தாலும், யாருக்காவது விற்றாலும் எதிரில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி, "வண்டி யார் பேர்ல இருக்கு?" என்பதுதான். உரிமையாளர் இறந்தால் 30 நாளில் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் 31ஆம் எண் படிவத்தில் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. துக்க வீட்டில் அதை யார் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்? என் மேசைக்கு வந்த வாரிசுகளில் முக்கால்வாசிப் பேர் கெடு தாண்டி வந்தவர்கள்தான். தாமதத்துக்கு உள்ளதைக் கட்டிவிட்டு மாற்றிக்கொண்டு போனார்கள். இறப்புச் சான்று, இ-சேவை வழியாகத் தாசில்தாரிடம் வாங்கும் வாரிசுச் சான்று, ஆர்.சி. புக், அம்மாவும் தங்கையும் "ஆட்சேபணை இல்லை" என்று எழுதித் தரும் கடிதம் எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள். புக் வண்டியோடு போய்விட்டதா? போலீஸின் இணையதளத்தில் தொலைந்த ஆவணம் என்று பதிந்து அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டால் நகல் ஆர்.சி.க்கு விண்ணப்பிக்கலாம்.

உங்கள் நம்பரில் ஒரு விஷயம் இருக்கிறது, கவனியுங்கள். டி.என். 49 தஞ்சாவூர். 1995இல் திருவாரூர் மாவட்டமே கிடையாது. திருவாரூர் தனி மாவட்டமானது 1997 ஜனவரியில். அதனால் வண்டியின் பதிவேடு இன்னும் தஞ்சாவூரில் இருக்கலாம். அப்பா புதுப்பித்தபோது திருவாரூருக்கு மாறியும் இருக்கலாம். எந்த அலுவலகம் புதுப்பித்துக் கொடுத்தது என்று புக்கில் முத்திரையைப் பாருங்கள். பழைய பதிவாக இருந்தால் அது கணினியில் ஏறியிருக்கிறதா என்றும் கேளுங்கள். ஏறாத வண்டிக்கு எந்த விண்ணப்பமும் நகராது. அதை ஏற்றவே தனியாக மனு கொடுக்க வேண்டியிருக்கும். ஆபீஸில் அதைப் 'பேக்லாக்' என்பார்கள்.

இதெல்லாம் முடிவதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதுவரை வண்டி அநாதையாக நிற்கக் கூடாது. "நாங்கள் இருக்கிறோம், இது எங்கள் அப்பா வண்டி, வாரிசுச் சான்றுக்கு மனு போட்டிருக்கிறோம்" என்று இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். போலீஸ் கைப்பற்றிய பொருளுக்கு உரியவர் யார் என்று தெரியாவிட்டால் மாஜிஸ்திரேட் அறிவிப்பு கொடுப்பார். ஆறு மாதத்துக்குள் யாரும் வராவிட்டால் அது ஏலத்துக்குப் போகும் வழி திறந்துவிடும். கைப்பற்றிய வண்டிகளை ஸ்டேஷன் வாசலில் வருஷக் கணக்கில் துருப்பிடிக்க விடக் கூடாது, உரியவரிடம் பிணை வாங்கிக்கொண்டு ஒப்படைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002இலேயே சொல்லியிருக்கிறது. வழக்கு எதுவும் போட்டிருந்தால் உங்கள் வக்கீல் அதை வைத்துக் கேட்பார். வண்டியைப் பார்த்த உடனே நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். பேட்டரி, ஸ்டெப்னி, டிக்கியில் இருந்த சாமான் என்று ஒரு பட்டியலும் எழுதிக்கொள்ளுங்கள். வண்டியின் சட்டகத்தில் பொறித்திருக்கும் சேசிஸ் நம்பர் தெரிகிறதா என்று துடைத்துப் பாருங்கள், துரு அதைத் தின்றுவிட்டால் பின்னால் ரொம்பச் சிரமம்.

வண்டி கைக்கு வந்தால் தயவுசெய்து ஸ்டார்ட் செய்து ஓட்டிக்கொண்டு வராதீர்கள். நின்ற வண்டி வேறு, ஓடுகிற வண்டி வேறு. பதிவு இல்லாத வண்டியைச் சாலையில் ஓட்டினால் முதல் தடவைக்கே 2,000இலிருந்து 5,000 ரூபாய் வரை அபராதம். இன்ஷூரன்ஸ் இல்லாததற்குத் தனியாக 2,000. பணத்தை விடுங்கள், அந்த பிரேக்கை நம்பி யாரும் ஏறக் கூடாது. இன்னொரு வண்டியில் ஏற்றிக் கொண்டுவாருங்கள்.

இனிமேல்தான் நீங்கள் அம்மாவோடும் தங்கையோடும் உட்கார்ந்து பேச வேண்டியது. புதுப்பிப்பதாக இருந்தால், 20 வருஷம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டிலிருந்து கட்டணம் 10,000 ரூபாய். கெடு தாண்டியதற்கு மாதம் 500, அதாவது ஒரு வருஷத்துக்கே 6,000. பசுமை வரி, இன்ஷூரன்ஸ் தனி. பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தும் அளவுக்குத் தேற்ற டிங்கரிங், வயரிங், பிரேக், டயர் என்று அதைப் போல் சில மடங்கு ஆகும். செலவு செய்ய மனசும் கையும் இருந்தால் செய்யுங்கள், நான் தடுக்க மாட்டேன். 2014இல் அம்பாசடர் தயாரிப்பே நின்றுவிட்டாலும், அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் நம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. கொட்டகை போடாமல் மீட்காதீர்கள். மறுபடியும் தெருவில் நிறுத்துவதாக இருந்தால் அடுத்த பங்குனியில் இதே கடிதத்தை எழுதுவீர்கள்.

விட்டுவிடலாம் என்று தோன்றினால் காயலான் கடைக்குப் போடாதீர்கள். இதைச் சொல்லும்போது என் அண்ணன் நினைவு வருகிறது. வைத்தீஸ்வரன்கோயிலில் இருந்தார். அவருடைய பியட் ஓடாமல் போனதும் தெருவில் வந்த ஆளிடம் எடைக்குப் போட்டுவிட்டார். புக் பீரோவிலேயே கிடந்தது. ஆறு வருஷம் கழித்து வீட்டுக்கு விசாரணை வந்தது. அந்த நம்பர் பிளேட்டோடு எங்கோ ஒரு வண்டி பிடிபட்டிருந்தது. "நான் விற்றுவிட்டேன்" என்று சொல்ல அண்ணனிடம் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. அறுபத்தெட்டு வயதில் ஸ்டேஷன் பெஞ்சில் எத்தனை நாள் உட்கார்ந்தார் என்பது எனக்குத் தெரியும். நான் அப்போது பதிவுப் பிரிவிலேயே வேலை பார்த்தேன். இயங்க முடியாமல் போன வண்டியைப் பற்றிப் பதினான்கு நாளில் எழுதிக் கொடுத்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும் என்று தினமும் பத்துப் பேருக்குச் சொன்னவள், அண்ணனிடம் சொல்லாமல் விட்டேன். அது இன்றைக்கும் எனக்கு உறுத்தல்தான்.

அதனால் பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்திலேயே கொடுங்கள். 2021இல் வந்த விதிகளின்படி நடக்கும் இடங்கள் இவை. எங்கே இருக்கின்றன என்று மத்தியப் போக்குவரத்துத் துறையின் பரிவாகன் இணையதளத்தில் பார்க்கலாம். வண்டி திருட்டு வண்டியா, அதன் மேல் கடன் இருக்கிறதா என்று சரிபார்த்துத்தான் வாங்குவார்கள். ஒப்படைப்புச் சான்று ஒன்று தருவார்கள். புது வண்டி வாங்கும்போது அதைக் காட்டினால் பதிவுக் கட்டணம் கிடையாது. உடைத்து முடித்ததற்கும் சான்று உண்டு. அதோடு பதிவு ரத்தாகிவிட்டதா என்று அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஸ்டியரிங்கையோ ஹாரனையோ நினைவாக வைத்துக்கொள்ள ஆசை இருந்தால், ஒப்படைக்கும் முன்பே மையத்தில் கேளுங்கள்.

கேள்வி: கும்பகோணத்தில் கடை வைத்திருக்கிறேன். வாசலில் யாரோ ஒரு பழைய காரை விட்டுவிட்டு எட்டு மாதமாக வரவில்லை. நானே ஆள் வைத்துத் தள்ளிவிடலாமா?

பதில்: தொடவே தொடாதீர்கள். உடைந்த விளக்குக்கும் காணாமல் போன பேட்டரிக்கும் நாளைக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நம்பர் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, எத்தனை நாளாக நிற்கிறது என்று எழுதி, ஸ்டேஷனிலும் நகர நிர்வாகத்திலும் மனு கொடுங்கள். மேலே சொன்ன பத்து மணி நேரக் கணக்கு இதற்கும்தான். ஆனால் அதற்கு முன்னால் அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். வண்டிக்காரர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாரோ, இறந்தே போனாரோ, யாருக்குத் தெரியும்? அவர் வீட்டாருக்குச் சேதி போனால் வண்டி தானாக நகரும்.

கேள்வி: அப்பாவின் பழைய மொபெட் கொல்லைக் கொட்டகையில் நிற்கிறது. ஆர்.சி. முடிந்து மூன்று வருஷம். வீட்டுக்குள் நின்றாலும் அபராதம் உண்டா? (வாசகி, சீர்காழி)

பதில்: இல்லை அம்மா. வண்டியை ஓட்டுவதற்குத்தான் பதிவு கட்டாயம். கொட்டகையில் நிற்பதற்கு யாரும் கேட்க மாட்டார்கள். ஓட்டும் எண்ணம் இருந்தால் இரு சக்கர வண்டிக்குப் புதுப்பிக்க 1,000 ரூபாய். வண்டிக்கு 20 வயது தாண்டியிருந்தால் 2,000. தாமதத்துக்கு மாதம் 300 ஏறிக்கொண்டே இருக்கும். புக்கை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். அப்பா பெயரிலேயே இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.