ஆல் வீலா, ரியர் வீலா? சொகுசு செடான் கேள்வி பதில்

பெங்களூரில் கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் வேலை பார்க்கிறவன் நான். ஆல் வீல் என்றால் இன்ஜின் நாலு சக்கரத்தையும் சுழற்றும்; ரியர் வீல் என்றால் பின்சக்கரம் இரண்டை மட்டும். செடான் பற்றி மட்டும் கேளுங்கள். எஸ்யூவிக்கு இன்னொரு நாள்.

ஒயிட்ஃபீல்ட்: அண்ணா, பிஎம்டபிள்யூ 330எல்ஐயா, எம்340ஐயா? மழையில் ரியர் வீல் வழுக்கும் என்கிறார்களே?

330எல்ஐ ரியர் வீல், எம்340ஐ ஆல் வீல். சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் முதல் கியரில் ஊர்வதற்கு எதுவானால் என்ன? எம்340ஐயின் 500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையைத் தரையில் இறக்க நாலு சக்கரமும் வேண்டும். 330எல்ஐக்கு அந்தக் கட்டாயமில்லை. டயர் நன்றாக இருந்தால் மழைக்குப் பயப்பட வேண்டாம்.

ஜெயநகர்: ஆல் வீல் என்றால் மழையில் சீக்கிரம் நிற்கும்தானே?

நிற்காது. கிளம்பத்தான் உதவும். பிரேக் எல்லா வண்டியிலும் நாலு சக்கரத்திலும்தான் இருக்கிறது.

கோரமங்களா: என் எக்ஸ்டிரைவ் (பிஎம்டபிள்யூவின் ஆல் வீல்) வண்டி பள்ளத்தில் விழுந்து முன் டயர் இரண்டும் புடைத்துவிட்டன. அந்த இரண்டை மட்டும் மாற்றினால் போதுமா சார்?

இதைத்தான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். புது டயரில் பட்டன் ஆழம், அதாவது மேல் பள்ளங்களின் ஆழம், 8 மி.மீ., உங்கள் பின் டயரில் 3 என்று வையுங்கள். ஒரு சுற்றுக்கு 31 மி.மீ. வித்தியாசம், கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 15 மீட்டர். முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே, சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் கிளட்ச் உட்கார்ந்திருக்கிறது. ஓயாமல் உரசிச் சூடாகித் தேயும். அப்புறம் பேஸ்மென்ட் பார்க்கிங்கில் மெதுவாகத் திருப்பும்போது வண்டி உதறும். பெட்ரோலில் கோளாறு என்று நினைத்து இன்ஜெக்டர் மாற்றிவிட்டு வந்தவர்களும் உண்டு. நாலையும் ஒரே பிராண்டில், ஒரே பேட்டர்னில் மாற்றுங்கள்.

அல்சூர்: ஆடி என்றாலே குவாட்ரோ, அதாவது ஆல் வீல்தானே? என் ஏ4 40 டிஎஃப்எஸ்ஐ வளைவில் ஒட்டிக்கொண்டு போகிறது.

1980இல் ஜெனீவா கார் ஷோவில் வந்தது குவாட்ரோ, சரி. ஆனால் இங்கே விற்ற அந்த ஏ4 முன்சக்கர வண்டி.

அல்சூர்: விற்றவர் ஆல் வீல் என்றுதான் சொன்னார். நீங்கள் பொய் சொல்கிறீர்கள்.

விற்கிறவர் அப்படித்தான் சொல்வார். லிஃப்டில் ஏற்றி அடியில் பாருங்கள். கியர்பாக்ஸிலிருந்து பின்னால் ஒரு நீள ஷாஃப்ட் போகிறதா? போனால்தான் ஆல் வீல்.

இந்திராநகர்: அண்ணா, அவரை விடுங்கள். மழையில் ஆல் வீல் சீக்கிரம் நிற்குமா?

ஜெயநகருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பெல்லந்தூர்: தேங்கிய தண்ணீரில் ஆல் வீல் கடக்குமா?

இன்ஜின் காற்றை இழுக்கும் வாய் எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதுதான் கணக்கு. செடானில் அது தாழ்வு. திரும்பிப் போங்கள்.

அல்சூர்: பார்த்தேன். சைலன்சர் குழாய் மட்டும்தான் போகிறது.

வண்டி நல்ல வண்டிதான் சார், ஓட்டுங்கள். ஆல் வீல் என்று சொல்லி வாங்கிய விலையைத்தான் விற்றவரிடம் பேச வேண்டும்.

ஹெப்பால்: என் ஆல் வீலுக்கு இரண்டு டயர் மட்டும்...

நாலு.