1908-இல் பெர்லின் சிறுவனுக்கு எந்த ட்ரவுசர்?

கேள்வி: எங்கள் நாடகக் குழுவின் புது நாடகம் 1908 குளிர்காலத்தில் பெர்லினில் நடக்கிறது. 5, 9, 14 வயதில் மூன்று அண்ணன் தம்பிகள் வருகிறார்கள். மூவருக்கும் மாலுமி உடை தைக்கிறோம். மேல்சட்டைக்கு மாதிரி கிடைத்துவிட்டது. கீழே மூவருக்கும் பெல்பாட்டம் போடலாமா, அரைக்கால் சட்டையா? தொப்பி ரிப்பனில் ‘எம்டன்’ என்று எழுதினால் நம் ஊர் ஆட்களுக்குச் சட்டென்று புரியும், எழுதலாமா? (கோவை வாசகி)

பதில்: டெய்லர் இன்னும் துணியை வெட்டவில்லை என்றால் பெல்பாட்டத்தை நிறுத்தச் சொல்லுங்கள். மேல்சட்டையை விட ட்ரவுசரைப் பற்றிக் கவலைப்பட்டீர்களே, அதுதான் சரி. முதுகில் சதுரமாக விழும் காலர், அதன் ஓரத்தில் மூன்று வெள்ளைக் கோடு, கழுத்தில் கறுப்புப் பட்டுத்துணி என்று மேல்பாதி பல பத்தாண்டுகளுக்குப் பெரிதாக மாறவே இல்லை. ஆண்டையும் பையனின் வயதையும் சொல்வது கீழ்பாதிதான்.

நீள ட்ரவுசர் என்ற எண்ணம் எங்கிருந்து வந்திருக்கும் என்று புரிகிறது. இந்த உடையின் கதையே அதில்தான் தொடங்குகிறது. 1846-இல் விக்டோரியா ராணியின் மூத்த மகனுக்கு ஐந்து வயதுகூட நிறையவில்லை. அரச குடும்பத்தின் கப்பலில் போனபோது அவனுக்கு ஒரு குட்டி மாலுமி உடை போட்டுவிட்டார்கள். நிஜ மாலுமிக்கு உள்ளது போலவே வெள்ளை நிறத்தில், கால் அகன்ற நீள ட்ரவுசர். ஜெர்மனியில் பிறந்த ஓவியர் வின்டர்ஹால்டர் அதே ஆண்டில் அவனை அந்த உடையிலேயே வரைந்தார். அந்தப் படம்தான் பணக்கார வீடுகளில் இந்த மோகத்தைக் கிளப்பியது. ராணியின் மூத்த மகள் 1858-இல் பிரஷ்ய இளவரசரை மணந்து பெர்லின் போனார். அடுத்த ஆண்டு பிறந்த அவருடைய மகன்தான் பின்னாளில் கைசர், அதாவது ஜெர்மன் பேரரசர், இரண்டாம் வில்ஹெல்ம்.

கைசருக்குக் கடற்படை என்றால் உயிர். தன் ஆறு மகன்களையும் இந்த உடையில் படமெடுக்க வைத்தார். 1898-இலும் 1900-இலும் கடற்படையைப் பெருக்கச் சட்டங்கள் வந்தன. அதன் பிறகு கடலையே பார்த்திராத ம்யூனிக் பையன்கூட மாலுமி உடையில் திரிந்தான். கடற்படைத் தளம் இருந்த கீல் நகரின் பெயராலேயே ‘கீலர் உடை’ என்றார்கள். இது பள்ளிச் சீருடை இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அப்பா அம்மா விரும்பி வாங்கித் தந்தது. அதனால் மூன்று பையன்களுக்கும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே உடை தேவையில்லை.

இனி உங்கள் ட்ரவுசருக்கு வருவோம். ஜெர்மன் வீடுகளில் சின்னப் பையனுக்கு நீள ட்ரவுசர் கொடுப்பது 1908-க்குள் அருகிப் போயிருந்தது. ஐந்து வயதுக்காரனுக்கு முழங்காலுக்குக் கீழே எலாஸ்டிக்கோ பட்டனோ வைத்து இறுக்கி, மேலே லேசாக உப்பலாக நிற்கும் வகையைத் தையுங்கள். ஒன்பது வயதுக்காரனுக்கு நேராக இறங்கி முழங்காலைத் தொட்டு நிற்கும், கீழே திறந்த வகை. தொடை தெரியும் குட்டை நிக்கர் வேண்டவே வேண்டாம். அது முதல் உலகப் போருக்குப் பின்னால் வந்த வழக்கம். அதைப் போட்டால் உங்கள் நாடகம் 1920-களுக்குத் தாவிவிடும்.

இந்த ட்ரவுசரோடு சேர்த்தே பார்க்க வேண்டியது கால் உறை. பெரும்பாலான நாடகங்கள் கோட்டை விடுவது இங்கேதான். குளிர்காலத்தில் பெர்லின் பையன் வெறுங்காலைக் காட்ட மாட்டான். தடித்த கம்பளி நூலில் பின்னிய கறுப்பு நீளக் காலுறை ட்ரவுசருக்குள் ஏறி, தொடை வரை போகும். அது நழுவாமல் இருக்க உள்ளே ஒரு கையில்லா உள்சட்டை இருக்கும். அதன் கீழ் ஓரத்திலிருந்து இரண்டு பக்கமும் எலாஸ்டிக் பட்டை தொங்கும். காலுறையை அதில் மாட்டிவிடுவார்கள். சின்னப் பிள்ளைகளின் ட்ரவுசருக்கும் இடுப்பு பெல்ட் கிடையாது. அதே உள்சட்டையில் பட்டன் போட்டு மாட்டுவதுதான். ஆண், பெண் இரண்டு பிள்ளைகளுக்கும் இதே ஏற்பாடுதான். அம்மா பையனுக்கு உடை மாட்டிவிடும் காட்சி இருந்தால் இதை அப்படியே மேடையில் காட்டலாம். பட்டன் ஒவ்வொன்றாக மாட்டுவதற்குள் நாலு வசனம் பேசிவிடலாம். கணுக்காலுக்கு மேலே லேஸ் கட்டும் கறுப்பு பூட்ஸ் போட்டால் இருவரும் தயார்.

பதினான்கு வயதுக்காரன் விஷயத்தில் நாடக ஆசிரியரிடம் ஒன்று கேளுங்கள். பையனுக்குச் சபையில் திடப்படுத்தல், அதாவது வளர்ந்த பிள்ளையைச் சபையின் முழு உறுப்பினராக ஏற்கும் சடங்கு, முடிந்துவிட்டதா? புராட்டஸ்டன்ட் குடும்பங்களில் அது பெரும்பாலும் 14 வயதை ஒட்டி நடக்கும். அதற்குத்தான் முதன்முதலாக நீள ட்ரவுசரோடு கறுப்பு சூட் தைத்துக் கொடுப்பார்கள். அது முடிந்திருந்தால் இவனுக்கு மாலுமி உடையே வேண்டாம். தம்பிகள் இருவரும் கோடு போட்ட காலரோடு நிற்க, அண்ணன் மட்டும் விறைத்த வெள்ளை காலரோடு பெரிய மனுஷனாக வரட்டும். என் விருப்பம் இதுதான். முடியவில்லை என்றால் இவனுக்கும் முழங்கால் ட்ரவுசரே. பெல்பாட்டம் வேண்டும் என்று இயக்குநர் பிடிவாதம் பிடித்தால் இவன் ஒருவனுக்கு மட்டும் தையுங்கள். நடுவில் ஜிப் வைக்காமல், மாலுமிகளுக்கு இருப்பது போல முன்பக்கம் அகலமாகப் பட்டன் போட்டு மூடும் மடிப்பு வைக்கச் சொல்லுங்கள்.

துணி: குளிர்கால உடை கருநீலக் கம்பளி செர்ஜ், சாய்வான வரி தெரிய நெய்த உறுதியான துணி. கோவை மேடை விளக்குச் சூட்டில் பிள்ளைகள் வெந்துவிடுவார்கள், கருநீலக் காட்டன் ட்ரில் போதும். வெள்ளையில் நீலக் கோடு போட்ட மெல்லிய சட்டை கோடைக்கானது, அதைத் தவிர்த்துவிடுங்கள். 1889-இல் ஸ்டுட்கார்ட்டில் தொடங்கிய பிளைலே நிறுவனம் இதே உடையைக் கம்பளி நூலில் பின்னியும் விற்றது. வீட்டில் அப்படி ஒரு பழைய கருநீல ஸ்வெட்டர் துணி கிடந்தால் கடைக்குட்டிக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

கடைசியாக ரிப்பன். 1914 செப்டம்பரில் மதராஸ் மீது குண்டு போட்ட எம்டனை நம் ஆட்கள் மறக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கப்பல் கடலில் இறக்கப்பட்டதே 1908 மே மாதம். பணியில் சேர்ந்தது 1909 ஜூலையில். உங்கள் பையன்களின் தொப்பியில் அதன் பெயர் இருக்க வழியில்லை. கைசரின் சொந்தக் கப்பலான ‘ஹோஹென்சோல்லர்ன்’ பெயரைப் போடுங்கள். அதற்கு முன்னால் ‘எஸ்.எம். யாட்’ என்று வர வேண்டும், மாமன்னரின் உல்லாசக் கப்பல் என்று பொருள். பெயர் நெற்றிக்கு நேராக வரட்டும். ரிப்பனின் இரண்டு நுனியும் பின்பக்கம் தோள் வரை தொங்கட்டும்.