பரிணாமம் கண்முன்னே நடப்பதற்கு ஆதாரம் உண்டா?

"இயற்கைத் தேர்வு லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நடந்த கதை என்கிறார்கள். இன்றைக்கு நாம் பார்க்கும்படி ஏதாவது ஆதாரம் உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஒரு பருத்திக் காயைப் பிளந்து பாருங்கள்.

அன்னூர்ப் பக்கம் பருத்தி போட்ட குடும்பம் எங்களுடையது. இளஞ்சிவப்புக் காய்ப்புழு விழுந்த காய் வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கும். குஞ்சுப் புழு நுழைந்த துளை மூடிக்கொள்ளும். பிளந்தால், பஞ்சு கறைபடிந்து, இரண்டு விதைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். அவற்றைக் குடைந்தபடி அரை அங்குல நீளத்தில் புழு. மேலே அடிக்கும் மருந்து அதை எட்டாது.

அதனால்தான் 2002இல் அனுமதி பெற்ற பி.டி. பருத்திக்கு அத்தனை வரவேற்பு. ஒரு பாக்டீரியாவின் நஞ்சைச் செடியே தயாரித்தது. கடித்த புழு செத்தது. ஆனால் 2010இல் குஜராத்தில் அந்த நஞ்சுக்குச் சாகாத காய்ப்புழு உறுதி செய்யப்பட்டது. 2006இல் வந்த, இரண்டு நஞ்சுகள் கொண்ட ரகமும் அடுத்த சில ஆண்டுகளில் அதனிடம் தோற்றது.

"புழுவுக்கு மருந்து பழகிவிட்டது" என்று மருந்துக் கடையில் பேசிக்கொள்வார்கள். எந்தப் புழுவும் பழகவில்லை. அந்த நஞ்சு வேலை செய்ய, புழுவின் குடலில் உள்ள கேட்ஹெரின் என்ற புரதத்தைப் பற்றிக்கொள்ள வேண்டும். கோடிக்கணக்கான புழுக்களில் எங்கோ சிலவற்றுக்குப் பிறவியிலேயே அந்தப் புரதம் குறைபட்டிருந்தால், நஞ்சு பிடிமானமின்றி வெளியேறிவிடும். மற்றவை செத்த காட்டில் பிழைத்து இனம் பெருக்கியவை இவைதான். இந்திய வயல்களில் பிடித்த எதிர்ப்புப் புழுக்களை ஆராய்ந்தபோது, கேட்ஹெரின் மரபணு பல விதங்களில் சிதைந்திருந்ததைக் கண்டார்கள். வேறுபாடு, பிழைப்பு, மரபு என்று டார்வின் 1859இல் எழுதிய மூன்றும் இங்கே இருக்கின்றன.

இதைவிட வலுவான ஆதாரமாக நான் நினைப்பது, இந்தக் கொள்கை முன்கூட்டியே சொன்னவை பலித்ததைத்தான். எதிர்ப்புத்திறன் பெரும்பாலும் ஒடுங்கு பண்பு, அதாவது தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். ஆகவே பக்கத்திலேயே சாதாரணப் பருத்தி இருந்தால், அதில் வளரும் புழுக்கள் அந்துப்பூச்சிகளாகி, எதிர்ப்புள்ள சிலவற்றோடு இணைசேரும். பிறக்கும் புழுக்கள் பி.டி. செடியில் செத்துவிடும். இதற்காகத்தான் 450 கிராம் பி.டி. விதைப் பையோடு 120 கிராம் சாதாரண விதையும் கொடுத்தார்கள். நம் நாட்டில் பெரும்பாலோர் அதை விதைக்கவில்லை. புழுவுக்காக யார் நிலம் ஒதுக்குவார்கள்? விவசாயியைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்காவின் அரிசோனாவில் 1996 முதல் அதை ஒழுங்காக விதைத்தார்கள். அங்கே அதே புழு பத்தாண்டுகள் தலைதூக்கவில்லை. பிறகு மலட்டு அந்துப்பூச்சிகளையும் விட்டு, 2018இல் அமெரிக்கப் பருத்திப் பகுதியிலிருந்தே ஒழித்துவிட்டதாக அறிவித்தார்கள்.

பச்சைக் காய்ப்புழுவையும் பாருங்கள். அது துவரை, தக்காளி, கொண்டைக்கடலை என்று கண்டதையும் தின்னும். நஞ்சில்லாத புகலிடம் அதற்கு ஊரெல்லாம் உண்டு. ஒரே பி.டி. பருத்தியில் அது நெடுங்காலம் அடங்கிக் கிடக்க, பருத்தியையே நம்பி வாழும் இளஞ்சிவப்புப் புழு மீறிவிட்டது.

"எப்படியானாலும் புழு புழுவாகத்தானே இருக்கிறது, புதிய இனம் எங்கே?" என்று அடுத்து கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் நம் மேற்கு எல்லையில் இருக்கிறது. கோவைக்குக் காற்றை அனுப்பும் பாலக்காட்டுக் கணவாய், நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே 30 கிலோமீட்டருக்கு மேல் அகலமான தாழ்நிலம். உயரமான சோலைக்காடுகளில் மட்டுமே வாழும் பறவைகளால் அதை எளிதில் கடக்க முடியாது. வடக்கே நீலகிரிச் சிரிப்பான். தெற்கே ஆனைமலையிலும் பழனி மலையிலும் பழனிச் சிரிப்பான். சாயலில் உறவு தெரியும், ஆனால் தனித்தனி இனங்கள். பிரிந்த இரு கூட்டங்களில் தேர்வும் தற்செயலும் தலைமுறை தலைமுறையாக வேலை செய்ததன் விளைவு இது. சோலைகளில் வாழும் நீலநிறச் சிறு பறவைகளிலும் இதே கணவாயின் இரு பக்கமும் இரு இனங்கள். பறக்கவே தெரியாத வரையாட்டிலும் வடக்குக் கூட்டத்துக்கும் தெற்குக் கூட்டத்துக்கும் மரபணு வேறுபாடு உண்டு. அவை இன்னும் ஒரே இனமாகவே எண்ணப்படுகின்றன.