ஆய்வேட்டுக் காலம்: வேர்ட் கேள்வியளும் பதில்களும்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில கம்பஸ் பிள்ளையளின்ர ஆய்வேடுகளை ஒழுங்குபடுத்திக் குடுக்கிறது என்ர வேலை. சமர்ப்பிக்கிற நாள் கிட்டுது, கேள்வியளும் குவியுது. எல்லாருக்கும் உதவும் எண்டதால இதிலயே பதில் எழுதுறன்.

அக்கா, மூண்டாம் அத்தியாயத்துக்கு நடுவில ஒரு படம் புதுசாப் போட்டன். அதுக்குக் கீழ இருக்கிற இலக்கமெல்லாம் மாத்தோணுமோ?

கையால தட்டி வைச்சிருந்தால் ஓம், இருந்து மாத்துங்கோ. இனிமேலாவது 'ரெஃபரன்ஸஸ்' பக்கத்தில 'இன்சேர்ட் கப்ஷன்' போய், 'நியூ லேபல்' எண்டதில 'படம்' எண்டு குடுங்கோ. 3.2 மாதிரி அத்தியாய இலக்கமும் சேர்ந்து வரவேணுமெண்டால் அத்தியாயத் தலைப்பு 'ஹெடிங் 1' ஸ்டைலில, தானாக இலக்கம் விழுற மாதிரி இருக்கவேணும். எழுத்தைப் பெருப்பிச்சுக் கறுப்பாக்கிவிட்டால் அது தலைப்பு எண்டு வேர்டுக்குத் தெரியாது.

உரைக்குள்ள படத்தைச் சுட்டுற இடத்தில 'குரொஸ் ரெஃபரன்ஸ்', அதில 'ஒன்லி லேபல் அண்ட் நம்பர்'. கடைசியில இலக்கங்களைப் புதுப்பிக்க கொன்ட்ரோல் ஏ, பிறகு எஃப்9. அடிக்குறிப்புக்குள்ள போட்ட சுட்டுகள் இதில அகப்படாது. அடிக்குறிப்புக்குள்ள கிளிக் பண்ணித் திரும்பவும் அதையே செய்யுங்கோ.

'படத்தில்' எண்டு எழுதினால் எஃப்9 அமத்த 'படம்' எண்டே திரும்பி வருது. ஏன்?

சாம்பலாகத் தெரியிற பகுதி வேர்டின்ர சொத்து, பிள்ளை. அதுக்குள்ள நீங்கள் திருத்தினது புதுப்பிக்கேக்க அழிஞ்சுபோகும். வேற்றுமை உருபை இலக்கத்துக்குப் பிறகு, சாம்பலுக்கு வெளியில போடுங்கோ: 'படம் 3.2 இல்', 'படம் 3.2 ஐப் பார்க்க'. வசனத்தையே அதுக்கேத்தமாதிரி அமைச்சால் பிரச்சினை இல்லை.

'எரர்! ரெஃபரன்ஸ் சோர்ஸ் நொட் ஃபவுண்ட்' எண்டு பி.டி.எஃப் முழுக்க வருது.

நீங்கள் சுட்டின தலைப்பையோ படக்குறிப்பையோ அழிச்சிட்டுப் புதுசா அடிச்சிருப்பியள். அதோட ஒட்டியிருந்த மறைவான அடையாளமும் போயிட்டுது. அந்த இடங்களில சுட்டைத் திரும்பப் போடுறதைத் தவிர வழியில்லை. தலைப்பைத் திருத்தேக்க முழுசா அழிக்காமல் எழுத்துகளை மட்டும் மாத்துங்கோ.

ஸொட்டெரோ எண்ட உசாத்துணை மென்பொருளில பேராசிரியர் கா. சிவத்தம்பியின்ர பெயரை எப்பிடிப் போடுறது? பட்டியலில 'கா' வுக்குக் கீழ போய் நிக்குது.

முழுப்பெயரையும் ஒரே பெட்டியில போட்டிருக்கிறியள். 'லாஸ்ட் நேம்' எண்டதைக் குடும்பப்பெயர் எண்டு நினைச்சுக் குழம்பாதேங்கோ. எங்கட ஆக்களுக்கு முன்னால நிக்கிறது தகப்பன்ர பெயர். 'லாஸ்ட் நேம்' பெட்டியில 'சிவத்தம்பி', மற்றப் பெட்டியில 'கா.' ஒற்றைப் பெட்டி நிறுவனங்களுக்குத்தான்: திணைக்களம், சங்கம், அப்பிடியானதுகள்.

சேர் பாமினி எண்ட பழைய எழுத்துருவில அடிக்கச் சொன்னவர். உசாத்துணைப் பட்டியலை வேர்டில அகரவரிசைப்படுத்த, 'க' முந்தியும் 'அ' பிந்தியும் வருது!

வரத்தான் செய்யும். பாமினியில 'அ' உள்ளுக்கு ஆங்கில 'எம்', 'க' உள்ளுக்கு 'எஃப்'. கொம்பியூட்டர் ஆங்கில அரிச்சுவடியைத்தான் அடுக்குது. ஆய்வேடு முழுவதையும் யூனிகோடுக்கு மாத்துங்கோ, மாத்தினபிறகு கிரந்த எழுத்துகளையும் ஆங்கிலச் சொற்களையும் ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ. சேரோட நான் கதைக்கட்டோ எண்டு கேக்காதேங்கோ, அது உங்கட பாடு.

அடிக்குறிப்பில, முந்தின குறிப்பில சொன்ன அதே நூல் எண்டதுக்கு 'மேலது' போடலாமோ?

கையால போட்டால் ஆபத்து. ஒரு பந்தியை மேல கீழ நகர்த்தினால், 'மேலது' வேறொரு நூலைக் காட்டும். பரீட்சகர் அதைப் பிடிச்சால் உங்கட மற்ற மேற்கோள்களையும் சந்தேகிப்பார். மேற்கோள் முறைகளைச் சொல்லுற சிகாகோ கைநூலின்ர 2017 இல வந்த 17ஆம் பதிப்பும் அந்த முறையை விட்டு, ஆசிரியர் பெயரோட சுருக்கத் தலைப்பைப் போடத்தான் சொல்லுது. துறை வற்புறுத்தினால் கடைசி நாளில போடுங்கோ.

ஸொட்டெரோ இல்லாத கடையில பிரிண்ட் எடுக்கலாமோ?

பி.டி.எஃப் ஆக்கிக் கொண்டுபோங்கோ. வேர்ட் கோப்பையே குடுக்கவேணுமெண்டால் முதலில பிரதி எடுத்து, அந்தப் பிரதியில மட்டும் 'அன்லிங்க் சைற்றேஷன்ஸ்' அமத்துங்கோ. அதுக்குப் பிறகு மேற்கோள்கள் வெறும் எழுத்து, திரும்பப் புதுப்பிக்க ஏலாது. மூலக்கோப்பை வைவா எண்ட வாய்மொழிப் பரீட்சை முடியும்வரை தொடாதேங்கோ, திருத்தம் கேப்பினம்.